கல்லூரி அணிக்குப் போகுமுன் செர்வ் ரிசீவ்

கல்லூரி அளவில் வாலிபால் ஆடப்போகும் பெண்ணுக்கு ஸ்மாஷைவிட முதலில் தேவைப்படுவது நல்ல பாஸ், அதாவது எதிரணியின் செர்வை முன்கையால் வாங்கித் தன் அணியினரிடம் அனுப்புவது. அங்கே ஃப்ளோட் செர்வ் சுழலாமல் வந்து, கடைசி நேரத்தில் திசை மாறும். ஓடிக்கொண்டே கையை நீட்டும் பழைய பழக்கம் அதனிடம் எடுபடாது.

வலையைப் பெண்களுக்கான 2.24 மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். மூன்று பேர் பின்கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே நிற்கட்டும். ஸ்மாஷ் அடிப்பவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டர் வலையருகே, நடுவுக்குச் சற்று வலப்புறம். செர்வ் அடிப்பவரின் கை பந்தில் படும் கணத்தில் ரிசீவரின் இரு பாதங்களும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். முதலில் கால் நகரட்டும், பிறகுதான் கை. முழங்கை மடங்காமல், மணிக்கட்டுக்குச் சற்று மேலே பந்தை வாங்கி, முன்கைப் பரப்பைச் செட்டர் பக்கம் திருப்பினால் போதும். கையை வீசினால் வேகமான செர்வ் அப்படியே எதிரணிப் பக்கம் போய்விடும். அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

ஒவ்வொரு பாஸுக்கும் மதிப்பெண் எழுதுங்கள். செட்டரால் எல்லா அட்டாக்கருக்கும் (ஸ்மாஷ் அடிப்பவர்) கொடுக்க முடிந்தால் 3, இருவருக்கு 2, ஒருவருக்கு மட்டும் 1, செர்வ் நேராக எதிரணிக்குப் புள்ளியாகி ஏஸ் ஆனால் 0. 25 செர்வின் சராசரி 2-ஐத் தாண்டினால் நல்ல நிலை. செர்வை பயிற்சியாளர் அடிப்பதைவிட சக வீராங்கனைகளே பின்கோட்டுக்குப் பின்னாலிருந்து அடிக்கட்டும். அவர்களுக்கும் அது பயிற்சி.