ஸ்பா தொட்டி வாங்குமுன் மூடியைத் தூக்கிப் பாருங்கள்

வீட்டில் ஸ்பா தொட்டி, அதாவது சூடான தண்ணீரில் உட்கார்ந்து குளிக்கும் தொட்டி, வைக்க என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஜெட் (தண்ணீரைப் பீய்ச்சும் துளை) உள்ளதாக வாங்கலாம்?" என்றுதான். பம்பும் ஹீட்டரும் பழுது பார்ப்பது என் தொழில். தொட்டி வாங்கக் கடைக்குத் தங்களோடு வரச் சொன்னால் நான் போனதும் தொடுவது தொட்டியின் மூடியை. மாதாமாதம் வரும் மின்கட்டணத்தைப் பெரும்பாலும் அந்த மூடிதான் முடிவு செய்கிறது.

சூடான தண்ணீர் வெப்பத்தை அதிகம் இழப்பது மேற்பரப்பு வழியாக, ஆவியாகி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் கிட்டத்தட்ட 0.67 யூனிட் (மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்) வெப்பம் அதோடு போய்விடும். மேற்பரப்பு 3 சதுர மீட்டர் இருக்கும் தொட்டியில் நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 30 லிட்டர் ஆவியாகியிருக்கிறது என்று பொருள். அதாவது 20 யூனிட். 1000 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி சூடாக்கவே 12 யூனிட்டுக்குள்தான் ஆகும். அதனால் யாரும் குளிக்காத ஒரு வாரத்தில், தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்தை அடையாளம் வைத்துப் பாருங்கள். மட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கினால், மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது எங்கோ கசிகிறது. எதுவானாலும் உடனே பார்க்க வேண்டியது.

நல்ல மூடியின் உள்ளே கெட்டியான ஃபோம் பலகை இருக்கும். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருந்தால் மழைநீர் வழிந்தோடும். மடிப்பு இருக்கும் நடுக்கோட்டில் இடைவெளி இருக்கக் கூடாது. அந்தக் கோட்டின் அடியிலும் அடைப்பு தைத்திருக்கிறார்களா என்று விரித்துப் பாருங்கள். அடிப்பக்கத்து உறை கிழிந்தால் நீராவி ஃபோமுக்குள் புகுந்து ஊறிவிடும். வாங்கியபோது ஒருவர் தூக்கிய மூடியை இப்போது இருவர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தால், அது வெப்பத்தைத் தடுக்கும் வேலையை விட்டுவிட்டது. காயவைத்தால் சரியாகாது, மாற்றத்தான் வேண்டும். மூடிக்கு அடியில் தண்ணீர்மேல் மிதக்கும் குமிழித் தாள் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். செலவு குறைவு, நீராவியைத் தண்ணீரிலேயே நிறுத்தி, மூடியின் ஆயுளையும் கூட்டும்.

அடுத்தது அளவு. வருடத்தில் ஓரிரு முறை வரும் விருந்தினருக்காக ஆறு பேர் தொட்டி வாங்காதீர்கள். வழக்கமாகக் குளிக்கப்போவது இரண்டு பேர் என்றால் 800 முதல் 1000 லிட்டர் போதும். 1500 லிட்டர் என்றால் சூடாக்க ஒன்றரை மடங்கு மின்சாரம், தண்ணீரைச் சுத்தமாக வைக்க ஒன்றரை மடங்கு மருந்து. எல்லா நாளும்.

எடையை மறந்துவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம். 1000 லிட்டர் தண்ணீர் 1000 கிலோ. தொட்டியின் எடையும் நான்கு பேரும் சேர்ந்தால் 1600 கிலோவைத் தொடும். இரண்டுக்கு இரண்டு மீட்டர் இடத்தில் அது சதுர மீட்டருக்கு 400 கிலோ. வீட்டுத் தளங்களைப் பொதுவாக 200 கிலோ அளவுக்குத்தான் கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். மாடியில் வைக்க நினைத்தால் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் ஒரு வாளித் தண்ணீர்கூட நிரப்ப வேண்டாம். தரையில் வைப்பதென்றால் சமமான கான்கிரீட் தளம், காற்று நேராக அடிக்காத மூலை, தண்ணீர் வடிய வழி, பழுது பார்ப்பவர் கை நுழைய நான்கு பக்கமும் இடம்.

காற்றடைத்த தொட்டி வாங்க மலிவு. வாரத்துக்கு ஒரு நாள், வருடத்தில் சில மாதம் என்றால் அதுவே சரி. தினமும் சூடாக வைத்திருக்க நினைத்தால் அதன் மெல்லிய சுவர் வாங்கும்போது மிச்சமானதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கெட்டியான தொட்டியில் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே ஃபோம் நிறைந்திருக்க வேண்டும். அடிப்பகுதியும் மூடியிருக்க வேண்டும். அடிக்கடி பயன்படுத்துகிறவர்களுக்கு ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குத் தரும் கருவி) நல்ல முதலீடு. மிதமான வானிலையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் தரும். கடுங்குளிரில் அது குறையும். இரண்டு வேகப் பம்ப் இருந்தால் வடிகட்டலை எப்போதும் குறைந்த வேகத்திலேயே வையுங்கள். வேகம் பாதியானால் தேவைப்படும் சக்தி கிட்டத்தட்ட எட்டில் ஒன்றாகிவிடும்.

குளிக்காத நேரத்தில் ஹீட்டரை அணைத்து வைப்பதா, தொடர்ந்து சூடாக வைப்பதா? தினமும் குளிப்பவர்கள் அப்படியே விடலாம், பெரிய வித்தியாசம் வராது. நாலைந்து நாள் யாரும் இறங்கமாட்டார்கள் என்றால் வெப்பத்தைக் கீழே இறக்குங்கள். தண்ணீர் ஆறியிருக்க இருக்க இழப்பும் குறையும். 1000 லிட்டரை 28-லிருந்து 38 டிகிரிக்கு ஏற்ற 3 கிலோவாட் ஹீட்டருக்கு ஏறக்குறைய 4 மணி நேரம் வேண்டும். இரவில் மின்கட்டணம் குறைவு என்றால் டைமரை அதற்கேற்ப வையுங்கள். ஜெட்டில் காற்றுக் குமிழி விடும் திருகைக் குளித்து முடித்ததும் மூடுங்கள். திறந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே போய்த் தண்ணீரை ஆற்றிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர் லெஜியோனெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்குப் பிடித்த இடம்; ஒன்று நுரையீரலையும் மற்றொன்று தோலையும் பாதிக்கும். சூட்டில் குளோரின் வேகமாகத் தீரும் என்பதால் ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் சோதனைப் பட்டையில் பாருங்கள். குளோரின் 3 முதல் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பிஹெச் (அமில-கார அளவு) 7.2 முதல் 7.8, காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம். முதலில் காரத்தன்மையைச் சரிசெய்தால் பிஹெச் ஆடாமல் நிற்கும். நீச்சல்குளத்துக்கான டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரைகளை இதில் போடக் கூடாது. அமிலத்தன்மை அதிகம், தொட்டியின் மேல்பூச்சையும் ஹீட்டரையும் அரித்துவிடும். மருந்தைத் தண்ணீரில் போடுங்கள், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். இரண்டு மருந்துகளை ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் போட்டபின் சிறிது நேரம் மூடியைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் அதன் ஆவி மூடியின் அடியைத் தின்னும்.

மருந்துச் செலவைக் குறைக்கும் வழி எளிது: எண்ணெய், கிரீம், வியர்வை எல்லாம் போக ஒரு குளியல் போட்டுவிட்டுத் தொட்டியில் இறங்குவது. நீச்சலுடையில் சோப்பு மிச்சமிருந்தால் நுரை பொங்கும். ஃபில்டரை வாரம் ஒரு முறை குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று நன்றாகக் காய நேரம் கிடைக்கும். தண்ணீரை எப்போது மாற்றுவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. லிட்டரை 11.4-ஆல் வகுத்து, தினம் குளிப்பவர்களின் எண்ணிக்கையால் மறுபடி வகுங்கள். 1000 லிட்டர், இருவர் என்றால் 44 நாள். கடினநீர் உள்ள வீடுகளில் ஹீட்டர்மேல் சுண்ணாம்பு படியும், அதற்கான தடுப்பு மருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின் இணைப்பைத் தகுதியுள்ளவரை வைத்துத் தனி லைனாக இழுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பிரேக்கரும் சரியான எர்த்தும் கட்டாயம். நீட்டிப்பு வயரில் ஓட்டவே கூடாது. தண்ணீரின் சூடு 40 டிகிரிக்கு மேல் யாருக்கும் வேண்டாம். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம், குழந்தைகள் தனியாக அருகே போகாதபடி மூடிக்குப் பூட்டு போடுங்கள்.

பழைய தொட்டி வாங்குவதானால், நீங்கள் போவதற்கு முன்பே நிரப்பி 38 டிகிரிக்குச் சூடாக்கி வைக்கச் சொல்லுங்கள். பக்கப் பலகையைக் கழற்றி ஃபோமைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உள்ளே கசிவு உண்டு, அதைத் தேடிப் பிடிப்பது நாள்கணக்கில் நீளும் வேலை. பம்பை இரண்டு வேகத்திலும் ஓட்டிக் கேளுங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. காலித் தொட்டியைக் காட்டி "நன்றாக ஓடியதுதான்" என்று மட்டும் சொன்னால், பம்ப், ஹீட்டர், மூடி மூன்றையும் புதிதாக வாங்க ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.