ஒரு டேங்க் மட்டும் காலியாகிறதா? முதலில் வென்ட்டைப் பாருங்கள்

நண்பரும் நானும் இங்கே அமெரிக்காவில் கிட் வாங்கிக் கட்டிய விமானம் இரண்டு பேர் அமரக்கூடியது. இறக்கை கேபினுக்கு மேலே, பக்கத்துக்கு ஒரு டேங்க். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகவே இறங்கி எஞ்சினுக்குப் போக வேண்டும். பறக்கத் தொடங்கிய புதிதில் இரண்டு வால்வும் திறந்திருந்தும் வலது டேங்க் மளமளவென்று குறையும், இடது அப்படியே நிற்கும். இப்படி ஆனால் பலரும் ஃபில்டரைத்தான் கழற்றுவார்கள். பெட்ரோல் போகும் வழியைத் தொடும் முன், டேங்குக்குள் காற்று வரும் வழியான வென்ட்டைப் பாருங்கள். வென்ட் வழியாகக் காற்று உள்ளே வராவிட்டால் டேங்கில் அழுத்தம் குறைந்து, ஓட்டம் மெலிந்து, கடைசியில் எஞ்சின் நின்றுவிடும்.

முதல் வேலை, வென்ட் வாய் இரண்டும் ஒரே திசையில், ஒரே கோணத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. 100 நாட் (மணிக்கு சுமார் 185 கி.மீ.) வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சுமார் 1600 பாஸ்கல், அதாவது 23 செ.மீ. உயரப் பெட்ரோல் தரும் அழுத்தம். ஒரு வாய் காற்றை நேராகப் பார்த்து மற்றது பக்கவாட்டில் திரும்பியிருந்தால், முதல் டேங்கை ஒரு சாண் தூக்கி வைத்த மாதிரி. அதுதான் முதலில் காலியாகும்.

அடுத்து, இரண்டு டேங்க்கின் மேற்புறத்தையும் ஒரு காற்றுக்குழாயால் இணையுங்கள். அழுத்தம் இரண்டிலும் சமமாகிவிடும். செஸ்னா 172 என்ற சிறு விமானத்திலும் இந்த இணைப்பு உண்டு, அதன் வென்ட் இடது ஸ்ட்ரட்டுக்கு (இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பிக்கு) பின்னால் இருக்கிறது.

இந்தக் குழாயில்தான் நிதானம் தேவை. இறக்கைகள் நுனி நோக்கிச் சற்றே உயர்ந்திருப்பதால், இடமிருந்து வலம் போகும் குழாய்க்கு நடுவே, கேபின் கூரையில், பள்ளம் விழும். விமானம் பக்கவாட்டில் சறுக்கும்போது பெட்ரோல் குழாய்க்குள் ஏறி அந்தப் பள்ளத்தில் தங்கிவிடும். தேங்கியதைத் தாண்டாமல் காற்று போகாது. எங்கள் விமானத்தில் அலுமினியக் குழாயைக் கழற்றிவிட்டு, தரையில் பார்ப்பதற்காக மட்டும் பெட்ரோல் தாங்கும், உள்ளே இருப்பது தெரியும் ஹோஸை அதே வழியில் மாட்டினோம். விண்ட்ஷீல்டுக்கு மேலே, இரண்டு கிளாம்ப்புக்கு நடுவில், நீலநிற விமானப் பெட்ரோல் அசையாமல் நின்றது. 7 செ.மீ. ஆழப் பள்ளத்தைத் தாண்டவே சுமார் 500 பாஸ்கல் வேண்டும்.

தீர்வு எளிது. டேங்க்கின் உள்பக்க மேல்மூலையில் தொடங்கி, கேபின் நடுவே வில்போல் உயர்ந்து, இருபுறமும் டேங்கை நோக்கியே சரியும்படி குழாயை வளையுங்கள். மட்டப் பலகையை வைத்துப் பார்த்து, கிளாம்ப்பை நெருக்கமாகப் போடுங்கள். 5052 ரக அலுமினியம்தான் என் தேர்வு, ரப்பர் ஹோஸ் நாளடைவில் தொய்ந்துவிடும். குழாய் நுனியை விரித்துவிடும் ஃபிளேர் கருவி 37 டிகிரியாக இருக்கட்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 45 டிகிரி கருவி விமான ஃபிட்டிங்கில் சரியாக உட்காராது.

வென்ட்டில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம், டேங்க்கின் தையல் பிளந்துவிடும். ரத்த அழுத்தக் கருவியின் ரப்பர் பல்பே போதும்.

கடைசியாக, பெட்ரோல் ஓட்டச் சோதனை. திறந்தவெளியில், எர்த் கம்பி மாட்டி, தீயணைப்பான் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி, டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் மட்டும் விட்டு, கார்புரேட்டர் முனையில் பிடித்து அளக்க வேண்டும். பம்ப் இல்லாத அமைப்புக்கு, டேக்-ஆஃப் தேவையைப் போல் ஒன்றரை மடங்கு வரவேண்டும் என்கிறது அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் ஆலோசனைச் சுற்றறிக்கை ஏசி 90-89. மணிக்கு 24 லிட்டர் குடிக்கும் எஞ்சின் என்றால் நிமிடத்துக்கு 600 மி.லி. டேங்க் மூடிகளை மூடிவைத்தே அளந்துபாருங்கள். திறந்துவைத்தால் காற்று அந்த வழியே வந்துவிடும், வென்ட் சோதிக்கப்படவே இல்லை.

பின்சேர்க்கை: டேங்கை நிரப்பி வெயிலில் நிறுத்தினால் வென்ட்டிலிருந்து சொட்டுகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். 10 டிகிரி சூடேறினால் பெட்ரோல் ஏறக்குறைய 1 சதவீதம் விரியும். 50 லிட்டர் டேங்கில் காலை 15 டிகிரியில் விளிம்புவரை ஊற்றினால், மதியம் 35-ல் ஒரு லிட்டர் வெளியே வந்துவிடும். வெளிவாய் டேங்க்கைவிடத் தாழ்வாக இருந்தால் சைஃபன் பிடித்து அதற்கு மேலும் வழியும். நிரப்பும்போதே 2 சதவீதமாவது இடம் விடுங்கள்.

இன்னொருவர் வென்ட்டுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்ததாக எழுதினார். நிறுத்திவைக்கும்போது வாய்க்குச் சிவப்புப் பட்டையுடன் உறை போடுங்கள். பறப்பதற்கு முன் அதைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.