செட்யுஐடி நிரலில் ஒரு அச்சு வரி ரூட் அதிகாரத்தைத் தாரைவார்ப்பது எப்படி?

யார் இயக்கினாலும் அதன் உரிமையாளரின், பெரும்பாலும் ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கின், உரிமையுடன் ஓடுவதே செட்யுஐடி நிரல். சி மொழியில் பிரின்ட்எஃப்(பெயர்) என்று எழுதினாலும் பிரின்ட்எஃப்("%எஸ்", பெயர்) என்று எழுதினாலும் திரையில் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். சோதனைகளில் இந்தத் தவறு சிக்காததற்கு அதுவே காரணம். முதல் வடிவத்தில் பயனர் தந்த சரமே, எதை எப்படி அச்சிடுவது என்று % குறிகளால் சொல்லும் ஃபார்மட் சரமாகிவிடுகிறது. அதில் %பி இருந்தால், யாருமே கொடுக்காத ஆர்க்யுமென்ட்டுகளை செயலியின் ரெஜிஸ்டரிலிருந்தும் ஃபங்ஷன்கள் பயன்படுத்தும் ஸ்டேக் நினைவகத்திலிருந்தும் எடுத்து அச்சிடும். %எஸ் இருந்தால் அங்கே கிடக்கும் எண்ணை முகவரியாகக் கொண்டு அதிலுள்ளதைக் காட்டும், அல்லது நிரல் விழும். எல்லாவற்றிலும் மோசமானது %என். அதுவரை எத்தனை எழுத்துகள் அச்சாயின என்ற எண்ணிக்கையை அது நினைவகத்தில் எழுதுகிறது. %எச்என் 2 பைட், %எச்எச்என் 1 பைட். %200டி போல அகலத்தைக் கூட்டிக் குறைத்தால் எழுதப்படும் மதிப்பும் தாக்குபவர் சொன்னபடி வரும். நிரல் செட்யுஐடி ரூட் என்றால், சாதாரணப் பயனர் ரூட் ஆக இதுவே போதும்.

<b>"பயனர் தருவது" என்று நினைவுக்கே வராதவை</b>

தட்டச்சு செய்வதை மட்டுமே உள்ளீடாக எண்ணுவதுதான் முதல் தவறு. செட்யுஐடி நிரலை இயக்குபவர் அதன் சூழல் மாறிகள், நடப்பு அடைவு, கோப்புப் பெயர்கள், சிக்னல்கள், திறந்திருக்கும் கோப்பு எண்கள் எல்லாவற்றையும் தானே தீர்மானிக்கிறார். நிரலின் பெயரான ஆர்க்வி[0] கூட அவர் கொடுப்பதே.

மற்றவர் அதிகாரத்தில் கட்டளைகளை இயக்க உதவும் சுடோவில் 2012இல் திருத்தப்பட்ட ஓட்டை இதற்குச் சரியான பாடம். 1.8.0 முதல் 1.8.3பி1 வரையிலான பதிப்புகளில், பிழைதேடும் செய்திக்கான ஃபங்ஷன் நிரலின் பெயரை ஃபார்மட் சரத்தின் முன்னால் ஒட்டி, அந்த மொத்தச் சரத்தையும் ஃபார்மட்டாக விஎஃப்பிரின்ட்எஃப்புக்குக் கொடுத்தது. சுடோவுக்கு % குறிகள் நிறைந்த பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் கோப்பு) போட்டு, பிழைதேடும் -டி விருப்பத்துடன் இயக்கினாலே தாக்குதல் தொடங்கிவிடும். சுடோவைப் பயன்படுத்தும் அனுமதிகளைச் சொல்லும் சுடோயர்ஸ் கோப்பில் அந்தப் பயனரின் பெயர் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மொழிபெயர்ப்புக் கோப்புகளும் ஃபார்மட் சரங்களே. செட்யுஐடி நிரல், பயனர் சுட்டும் அடைவிலிருந்து செய்திக் கோப்பை எடுக்க விட்டதால் 2000இல் பல யூனிக்ஸ் அமைப்புகள் அடிவாங்கின. இப்போது கிளிப்சி என்ற சி நூலகம், செய்திக் கோப்புகளின் இடத்தைச் சொல்லும் என்எல்எஸ்பாத் போன்ற மாறிகளைச் செட்யுஐடி நிரல்களில் புறக்கணிக்கிறது. ஆனால் உங்கள் நிரல் சொந்தமாக ஒரு மாறியைப் படித்தால் அந்தக் காவல் அதற்குக் கிடையாது. கெட்என்வ்() இருக்கும் இடத்தில் செக்யூர்_கெட்என்வ்() போடுங்கள்.

<b>பாதித் திருத்தங்கள்</b>

பலர் செய்யும் அவசரத் திருத்தம், உள்ளீட்டில் "%என்" இருக்கிறதா என்று தேடி நீக்குவது. %எச்என், %7$என், %5என் எல்லாம் அந்தச் சல்லடையில் தப்பிவிடும். எழுதுவதைத் தடுத்தே விட்டாலும் %பி முகவரிகளைக் கசியவிடும். நினைவக முகவரிகளை ஊகிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் ஏஎஸ்எல்ஆர் தரும் பாதுகாப்பு அத்துடன் போயிற்று. ஃபார்மட் சரம் நிரலில் எழுதிய மாறிலியாக மட்டுமே இருக்க வேண்டும். மற்ற வழிகளெல்லாம் ஒட்டுப்போடுவதுதான்.

இரண்டு படியில் நடக்கும் தவறு கண்ணில் படுவது கடினம். முதலில் எஸ்என்பிரின்ட்எஃப் மூலம் செய்தியை ஒழுங்காக, "%எஸ்" போட்டே தயாரிக்கிறார்கள். பிறகு அந்தப் பஃபரை அப்படியே சிஸ்லாக்(லாக்_எர்ர், பஃபர்) என்று அனுப்புகிறார்கள். இரண்டாவது அழைப்பில் % குறிகள் மீண்டும் உயிர்பெறுகின்றன. எர்ர்(), வார்ன்(), செட்ப்ராக்டைட்டில்() எல்லாமே ஃபார்மட் சரம் வாங்குபவை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜிசிசி கம்பைலரில் -டபிள்யூஃபார்மட்-செக்யூரிட்டி என்ற எச்சரிக்கை, கூடுதல் ஆர்க்யுமென்ட் ஏதுமில்லாமல் மாறியை ஃபார்மட்டாகக் கொடுப்பதைப் பிடிக்கும். -டபிள்யூஃபார்மட்=2 மாறிலி அல்லாத மற்ற ஃபார்மட்டுகளையும் எச்சரிக்கும். ஆனால் ஆர்க்யுமென்ட்டுகளை வா_லிஸ்ட் என்ற பட்டியலாக வாங்கும் ஃபங்ஷன்களை அதுவும் விட்டுவிடுகிறது. சுடோவின் பிழை அந்த ரகம். ஆகவே சொந்தமாக எழுதிய லாக் ஃபங்ஷன்களுக்கு ஃபார்மட் ஆட்ரிப்யூட் (இது பிரின்ட்எஃப் போன்றது என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) போடுங்கள். அவற்றை அழைக்கும் இடங்களைக் கம்பைலர் சோதிக்கும். அவற்றின் உள்ளே நடப்பதை நீங்கள்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

கம்பைல் செய்யும்போது கொடுக்கும் ஃபோர்டிஃபை_சோர்ஸ்=2, எழுதத்தக்க நினைவகத்தில் இருக்கும் ஃபார்மட்டில் %என் வந்தால் நிரலை நிறுத்திவிடும். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் அது வேலையே செய்யாது. பஃபர் வழிந்தால் காட்டிக்கொடுக்கும் காவல் மதிப்பான ஸ்டேக் கேனரியை நம்பியும் பயனில்லை: பஃபர் வழிவது போல வரிசையாக அழித்துக்கொண்டு போகாமல், %என் குறித்த முகவரியில் மட்டும் எழுதுகிறது.

<b>அதிகாரத்தைக் கைவிடும் வரிசை</b>

செட்இயுஐடி(கெட்யுஐடி()) தற்காலிகமானது. சேமித்த யுஐடி (பயனர் எண்) 0, அதாவது ரூட் ஆகவே இருக்கும். ஓட்டை வழியே நுழைந்த கோட், செட்இயுஐடி(0) என்று அழைத்து ரூட்டை மீட்டுக்கொள்ளும். நிரந்தரமாக விட வேண்டுமானால் முதலில் செட்குரூப்ஸ், பிறகு செட்ரெஸ்ஜிஐடி, கடைசியில் செட்ரெஸ்யுஐடி. யுஐடியை முதலில் விட்டால் குழுக்களை மாற்றும் உரிமையும் கூடவே போய்விடும், பழைய குழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் திரும்பு மதிப்பையும் பாருங்கள். லினக்ஸ் 3.1க்கு முன் ப்ராசஸ் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் செட்யுஐடி தோற்கும். அதைக் கவனிக்காத நிரல்கள் ரூட்டாகவே ஓடிக்கொண்டிருந்தன.

எப்போது விடுவது என்பதும் முக்கியம். பல நிரல்கள் ஆர்க்யுமென்ட்டுகளைப் பிரித்து, பயன்பாட்டுச் செய்தியை அச்சிட்டு, லாக் எழுதி முடித்த பிறகுதான் அதிகாரத்தை விடுகின்றன. ஓட்டைகள் நிறைந்த பகுதி முழுவதும் ரூட்டாக ஓடுகிறது! அதிகாரம் தேவைப்படும் ஒரே வேலையை, ரா சாக்கெட் திறப்பது போன்றதை, மெயின் தொடங்கியதும் செய்து முடித்து உடனே விட்டுவிடுங்கள்.

அக்சஸ்() மூலம் சோதித்துவிட்டு ஓபன்() செய்யாதீர்கள். இடைவெளியில் கோப்பை சிம்லிங்க்காக மாற்றிவிடலாம். பயனராக மாறிய பிறகு திறப்பதே சரி. ஷெல் வழியே கட்டளையை இயக்கும் சிஸ்டம்(), போபென்() இரண்டும் செட்யுஐடி நிரலில் வேண்டவே வேண்டாம்.

உங்கள் கணினியில் எத்தனை செட்யுஐடி நிரல்கள் உள்ளன என்று ஃபைண்ட் கட்டளையில் -பெர்ம் -4000 போட்டுப் பாருங்கள். யாரும் பயன்படுத்தாதவற்றில் சிஎச்மாட் யு-எஸ் போடலாம். சிலவற்றுக்கு ரூட் அதிகாரத்தின் ஒரு துண்டான கேப்பபிலிட்டி போதும். ஆனால் கேப்_டிஏசி_ஓவர்ரைடு அல்லது கேப்_செட்யுஐடி கொடுத்துவிட்டு ரூட்டை நீக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம்: முதலாவது இருந்தால் கடவுச்சொல் ஹாஷ்கள் உள்ள ஷேடோ கோப்பைத் திருத்தலாம், இரண்டாவது இருந்தால் நேராக யுஐடி 0 ஆகலாம்.