அடுத்த பருவம் பொய்த்தால் பண்ணை நிற்குமா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

விவசாயிகளின் வரவு செலவைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது என்று நான் முதலில் கேட்பதில்லை. ஒரு வெள்ளாமை முழுக்கப் போனாலும், நிலத்தையோ மாட்டையோ விற்காமல் அடுத்த விதைப்புக்குப் போக முடியுமா என்றுதான் கேட்பேன். பாடுபட்ட குடும்பம் ஒரே வறட்சியில் நிலத்தை இழப்பதைப் போல என்னை வருத்துவது வேறில்லை.

நோட்டை எடுத்து, விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்டியே தீர வேண்டியவற்றைத் தனியாக எழுதுங்கள்: குத்தகை, கடன் தவணை, வீட்டுச் செலவு. ஒரு வருடத்துக்கான அந்தத் தொகையோடு அடுத்த விதைப்புக்கான கைமுதலையும் கூட்டுங்கள். கையிருப்பும் வெளி வருமானமும் இதற்கு ஈடாக வேண்டும்.

பிறகு உர விலையை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் தயாராகிறது. 2022இல் உலகச் சந்தையில் எரிவாயு விலையோடு உர விலையும் எகிறியது. தீவனத்தை விலைக்கு வாங்கி மாடு வளர்ப்பவர்கள் தீவனத்துக்கும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். பால் தினமும் காசு தரும், உண்மைதான். தீவனமும் தினமும் கேட்கும்.

குத்தகைக்கு உழுபவர் பணக் குத்தகையை விட, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்குப் பேசுவது நல்லது. விளைச்சல் குறைந்தால் நிலக்காரர் பங்கும் குறையும்.

கடன் வாங்கி நிலம் சேர்ப்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 1970களில் அமெரிக்காவில் தானிய ஏற்றுமதி பெருகி நிலத்தின் மதிப்பு ஏறியது. அந்த மதிப்பைக் காட்டியே பலர் மேலும் கடன் வாங்கினார்கள். 1979க்குப் பின் வட்டி ஏறியது, 1980களில் நிலத்தின் விலை சரிந்தது. நன்றாக விளைவித்தவர்களும் நிலத்தை இழந்தார்கள். அதனால் தவணையை நிலத்தின் மதிப்போடு ஒப்பிடாதீர்கள். உங்களுடைய மிக மோசமான வருடத்தின் வருமானத்தோடு ஒப்பிடுங்கள்.

மரப்பயிர்க்காரருக்கு ஒரு வருடச் சேமிப்பு போதாது. 1975 ஜூலையில் பிரேசிலின் பரானாவில் உறைபனி காப்பித் தோட்டங்களைக் கருக்கியது. உலகச் சந்தையில் விலை ஏறியபோது, மரத்தைப் பறிகொடுத்தவர்களிடம் விற்கச் சரக்கில்லை. புதுக் கன்று காய்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். அந்த இடைவெளிக்கு ஊடுபயிரோ வேறு வருமானமோ இப்போதே இருக்க வேண்டும்.

கலப்புப் பண்ணைதான் பொதுவாக அதிகம் தாங்கும் என்பது என் கணிப்பு. ஆனால் நான்கு பயிரும் ஒரே கிணற்றை நம்பியிருந்தால், கணக்கில் அவற்றை ஒரே பயிராகத்தான் எழுத வேண்டும்.

காப்பீடு இருந்தால், இழப்பீடு கைக்கு வர எத்தனை மாதமாகும் என்று விசாரித்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள். விதைப்புக்குப் பிறகு வரும் பணத்தைக் கைமுதலில் சேர்க்காதீர்கள்.