தண்ணீர்த் தர மீட்டரை ஆற்றுக்குக் கொண்டுபோகும் முன்

பாபநாசத்து மலைத்தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. உவரிக் கரையோரக் கிணறுகளில் அதிகம். கடத்துத்திறன் சென்சாரை (தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளப்பது, உப்பு கூடினால் அதுவும் கூடும்) ஒரே கரைசலில் அளவுதிருத்திவிட்டு இரண்டையும் அளக்காதீர்கள். முன்னதற்கு 84, பின்னதற்கு 12,880 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. (கடத்துத்திறனின் அலகு) கரைசல் வேண்டும். வழக்கமான 1,413 இடைப்பட்ட கிணறுகளுக்குச் சரி.

மீட்டரின் அமைப்பில் வெப்பத் திருத்தம் (கடத்துத்திறனை ஒரே வெப்பநிலைக்கு மாற்றிக் காட்டுவது) 25 டிகிரிக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 2 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். அணைந்திருந்தால், நெல்லை வெயிலில் 35 டிகிரிக்குச் சூடான தண்ணீர் 20 சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) சென்சாரை அளவுதிருத்த முதலில் 7, பிறகு 4 அல்லது 10 பஃபர், அதாவது பிஹெச் தெரிந்த கரைசல். 10 பஃபர் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இறங்கிவிடும், மூடியே வையுங்கள். கண்ணாடி முனையைத் துடைக்காமல் ஒற்றியெடுங்கள். மலைத்தண்ணீரில் பிஹெச் நிலைக்க நேரமாகும், பொறுத்திருந்து குறியுங்கள். வேலை முடிந்ததும் முனை 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் இருக்கட்டும், வடித்த நீரில் வேண்டவே வேண்டாம்.