டக்சிடோவைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஒரு ரூபாய்கூடத் தவறக்கூடாத வங்கிக் கணக்குகளையும் தொலைபேசி பில்லிங்கையும் தாங்கி நிற்பது டக்சிடோ என்னும் பரிவர்த்தனை மென்பொருள். 1980களில் ஏடி அண்ட் டியில் பிறந்து, 2008இல் ஆரக்கிளிடம் வந்து சேர்ந்தது. 11ஜி பதிப்பிலிருந்து 12சிக்கோ 22சிக்கோ மாறும்போது எல்லாரும் புதியதை நிறுவுவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எனக்குப் பயம், பழையதை நிறுத்துவதில்தான்.

ஒரு பரிவர்த்தனை இரண்டு தரவுத்தளங்களைத் தொடுகிறது என்று வையுங்கள். முதலில் இரண்டும் ‘நான் தயார்’ என்கின்றன. உடனே டக்சிடோ ‘கமிட்’ (உறுதிசெய்) என்ற முடிவை டிலாக் என்னும் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. அப்புறம்தான் இரண்டுக்கும் ஆணை போகும். இந்த இடைவெளியில் சர்வரைக் ‘கில்’ செய்துவிட்டு, புதிய பதிப்பில் காலியான டிலாக்கை உருவாக்கினால், முடிவு இன்னதென்று சொல்ல ஆளில்லை. தரவுத்தளம் ‘தயார்’ நிலையிலேயே நிற்கும், பூட்டிய வரிகளை விடாது. கடைசியில் தரவுத்தள நிர்வாகி (டிபிஏ) ஒருவர் கமிட்டா, ரோல்பேக்கா (பழைய நிலைக்கே திருப்புவதா) என்று கையால் தீர்மானிக்க வேண்டும். ஒரு பக்கம் பணம் கழிந்து மறுபக்கம் ஏறாமல் போவது இப்படித்தான்.

அதனால் முதலில் புதிய கோரிக்கைகள் வருவதை நிறுத்துங்கள். டக்சிடோவின் நிர்வாகக் கருவியான டிஎம்அட்மினில் பிரிண்ட்டிரான்ஸ் கட்டளை கொடுத்து, முடியாத பரிவர்த்தனை ஒன்றும் மிச்சமில்லை என்று பாருங்கள். ஆரக்கிள் தரவுத்தளம் என்றால் முடிவு தெரியாமல் நிற்கும் பரிவர்த்தனைகளைக் காட்டும் ‘டிபிஏ_2பிசி_பெண்டிங்’ பட்டியல் காலியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, டக்சிடோவை நிறுத்தும் டிஎம்ஷட்டவுன் கட்டளையைக் கொடுங்கள். அவசரத்துக்கு இங்கே இடமே இல்லை.

அடுத்த தவறு, கையிலிருக்கும் பழைய யுபிபி உரைக்கோப்பை (டக்சிடோவின் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பு) நம்புவது. ஓடும்போதே டிஎம்கான்ஃபிக் கட்டளை வழியாக யாரோ சேர்த்த சர்வர் அதில் இருக்காது. பழைய பதிப்பில் டிஎம்அன்லோட்சிஎஃப் ஓட்டி இன்றைய நிலையை எடுங்கள், அதைப் புதியதில் டிஎம்லோட்சிஎஃப் கொண்டு ஏற்றுங்கள். அந்த அமைப்புகளின் பைனரி வடிவமான டக்ஸ்கான்ஃபிக்கை அப்படியே நகலெடுக்க வேண்டாம்.

சர்வர்களைப் புதிய லைப்ரரிகளோடு மறுபடி பில்ட் செய்பவர்கள்கூட டிஎம்எஸ் என்னும் பரிவர்த்தனை மேலாண்மை சர்வரை மறந்துவிடுகிறார்கள். எக்ஸ்ஏ என்னும் பொது நெறிமுறையில் தரவுத்தளத்துக்குக் கமிட் ஆணையைச் சொல்வது அதுதான். புதிய டக்சிடோவை நிறுவிய டக்ஸ்டிர் அடைவில் உள்ள ஆர்எம் கோப்பில் உங்கள் தரவுத்தளத்துக்கான வரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பில்ட்டிஎம்எஸ் ஓட்டுங்கள். லைப்ரரி பாதையில் பழைய அடைவு முன்னால் நின்றால் இவ்வளவு உழைப்பும் வீண். எந்தப் பதிப்பு உண்மையில் எழுந்தது என்பதை டக்சிடோவின் செய்திப் பதிவான யுலாக் சொல்லிவிடும்.

பல இயந்திரங்கள் சேர்ந்து ஒரே அமைப்பாக ஓடும் டொமைனில், மற்றவற்றை நிர்வகிக்கும் மாஸ்டர் இயந்திரம்தான் எப்போதும் உயர்ந்த பதிப்பில் இருக்க வேண்டும், அதனால் அதை முதலில் மாற்றுங்கள். வெளியிலிருந்து இணையும் வொர்க்ஸ்டேஷன் கிளையண்ட்கள் கடைசியில் வரலாம்.

பழையதற்குத் திரும்பும் வழியையும் ஒத்திகை பாருங்கள். புதிய பதிப்பில் ஒரு மணி நேரம் வேலை நடந்திருந்தால், திரும்பும்போதும் அதே பிரிண்ட்டிரான்ஸ், அதே பெண்டிங் சோதனை. நள்ளிரவு 2 மணிக்குச் செய்பவர் கையில் அந்தக் கட்டளைகள் வரிசையாக எழுதிய தாள் இருக்கட்டும்.