பணியாரச் சட்டிப் பாட்டு: ஒன்றாம் வகுப்பில் பாடிக் கற்றுக்கொடுப்பது எப்படி?

சின்ன வகுப்புகளில் எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுக்கும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து 1, 2, 3ஆம் வகுப்புகளில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. காரைக்குடி, தேவகோட்டை பக்கம் எந்தத் தொடக்கப் பள்ளி வழியாகப் போனாலும் காலையில் பாட்டுச் சத்தம் கேட்கும். ஆனால் நூறு வரை ராகம் போட்டுச் சொல்கிற பிள்ளையிடம் "ஏழுக்கு அடுத்து என்ன?" என்று கேட்டுப் பாருங்கள், ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். பாட்டு வந்துவிட்டது, எண் வரவில்லை.

அதனால் ஒரு பாட்டுக்கு ஒரு திறன் மட்டும் வையுங்கள். அந்தத் திறன் வந்ததும் பாட்டை விலக்கிவிட வேண்டும், அதையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழித்தலையே எடுத்துக்கொள்வோம். பணியாரச் சட்டி தெரியாத பிள்ளை இந்தப் பக்கம் கிடையாது. தரையில் சாக்பீஸால் ஏழு வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு புளியங்கொட்டை வைத்து, கும்மி மெட்டில் இப்படிப் பாடலாம்:

ஏழு குழிச் சட்டியிலே ஏழு பணியாரம்
அப்பத்தா வந்து ரெண்டெடுத்தாக, மிச்சம் எத்தனையாம்?

ஒரு பிள்ளை அப்பத்தாவாக வந்து ரெண்டு கொட்டையை எடுக்கட்டும். "எத்தனையாம்" என்றதும் நிறுத்துங்கள், நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது, பிள்ளைகள் வட்டத்தைப் பார்த்து எண்ணட்டும். அடுத்த முறை ஐயா வந்து மூன்று எடுப்பார், அப்புறம் அயித்தை வந்து ஒன்று. எண்ணை மாற்றிக்கொண்டே இருங்கள், ஏனென்றால் ஒரே விடை வருகிற பாட்டு ரெண்டாம் நாளே மனப்பாடமாகிவிடும், அதற்குப் பிறகு யாரும் எண்ணுவதில்லை. நாலைந்து நாள் கழித்துக் கொட்டைகளை ஒரு துணியால் மூடிவிட்டுப் பாடுங்கள். அதற்கு அடுத்து மெட்டும் வேண்டாம், சும்மா பேசுகிற மாதிரி கேளுங்கள். கடைசியில் பலகையில் 7 - 2 என்று எழுதிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். எந்தப் பிள்ளைக்கு இன்னும் பாட்டு வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

எழுத்தில் பாட்டு அதிகம் உதவுவது குறில் நெடிலுக்குத்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு என்று விளக்கம் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏறாது, கை தட்டினால் ஏறும்:

பல்லைக் காட்டு, பாலைக் குடி
குடையை மடக்கு, கூடையில் போடு
மலையைப் பாரு, மாலை கட்டு

பல், குடை, மலை வரும்போது சட்டென்று ஒரு தட்டு. பால், கூடை, மாலைக்குக் கையைத் தட்டி அப்படியே இழுத்து விரிக்க வேண்டும். பழகியதும் பாட்டை விட்டுவிட்டு, பல், பால் மாதிரி ஒரு சோடியைச் சொல்லிவிட்டுக் கையை மட்டும் காட்டுங்கள், எந்தச் சொல் என்று பிள்ளைகள் சொல்லட்டும். பால், மாலைக்குத் துணைக்கால் அட்டையை அதற்குப் பிறகு நீட்டினால் போதும் (கூடையின் 'கூ'வுக்குத் துணைக்கால் கிடையாது). 'பா', 'மா' என்று இழுக்கிற இடத்தில் கால் போடணும் என்று அவர்களே சொல்வார்கள்.

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் திருக்கார்த்திகையிலிருந்து பிள்ளையார் நோன்பு வரை 21 நாளும் நாளுக்கு ஒரு இழை எடுத்து வைப்பார்கள் அல்லவா, அந்தக் கணக்கை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். சாமி கும்பிடச் சொல்லவில்லை, எண்ணுவதற்குத்தான். தினம் ஒரு நூலைக் கம்பியில் தொங்கவிட்டு, நேற்று விட்ட எண்ணிலிருந்து பாடினால், ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிற பழக்கம் தானாகப் போகும். பத்து வந்ததும் ஒரு கட்டாகக் கட்டிவிடுங்கள். 21இல் ரெண்டு கட்டும் ஒரு ஒற்றை நூலும் தொங்கும். பள்ளி இல்லாத நாளின் நூலைத் திங்கட்கிழமை சேர்த்துப் போடலாம், அது அன்றைக்குக் கூட்டல் கணக்கு.

கை கழுவும் பாட்டு 2023க்குப் பிறகு இன்னும் அவசியம், அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டதே. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு என்ற வரிசை மாறாமல் நாலு வரி கட்டுங்கள். பாடி முடிக்க 20 நொடி ஆகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகமாக முடிந்தால் ரெண்டு தடவை. இந்த ஒரு பாட்டை மட்டும் விலக்க வேண்டாம், வருஷம் முழுக்க இருக்கட்டும்.

குரல் நன்றாக இல்லை என்று தயங்குகிறவர்களுக்கு: பிள்ளைகள் உங்கள் சுருதியைச் சோதிக்கப் போவதில்லை. ஆண் ஆசிரியர்கள் மட்டும் கொஞ்சம் மேலே எடுத்துப் பாடுங்கள், கீழே பிடித்தால் சின்னப் பிள்ளைகளின் குரல் அங்கே எட்டாது. செல்போனில் வீடியோ போட்டுவிடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், விடைக்காக நிறுத்திக் காத்திருக்க அதற்குத் தெரியாது. கிழமைப் பாட்டு கட்டுகிறவர்கள் உங்கள் ஊர்ச் சந்தை என்றைக்கோ அந்தக் கிழமையில் சந்தையை வையுங்கள், அங்கிருந்தே பாட்டை ஆரம்பித்து, "சந்தைக்கு முந்தின நாள் என்ன?" என்று பின்னாடியும் கேளுங்கள்.